சிம்தாரா போய்வர எத்தனை யூனிட்?

பனௌட்டி
பங்குனி 22

அன்புள்ள தங்கை துளசாவுக்கு,

அண்ணன் டம்பர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி மைனாவும் அம்மாவும் பசுவும் சுகம். பசுவைத் தவிர எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒருவர் ஓட்டி விற்றதுதான், ஆனால் இனி எனக்கென்று சொந்தமாக ஒரு டாக்சி. வெட்கக்கேடு அதில் இல்லை. வாங்கிய அன்று கடைவீதியில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். சத்தமே வரவில்லை. இன்னொரு தடவை திருகினேன். ம்ஹும். வண்டி செத்துப்போச்சு என்று நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். அவர்களும் மூச்சுவாங்க டீக்கடை வரைக்கும் தள்ளினார்கள். விற்ற ஆள் பின்னாலேயே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான். "அண்ணே, அது அப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு. காலை வச்சு மிதிங்க!"

நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது நான் அந்தப் பக்கம் போனாலே, "தள்ளணுமா அண்ணே?" என்று கேட்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வரும் தீஜ் நோன்பு வருகிறது. ஏழு வருஷமாக நீ பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணன் வந்து அழைக்காமல் எந்தப் பெண் தீஜுக்கு வருவாள்? இந்த வருஷம் நானே என் வண்டியில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன் போட்டால் உன் மகள் எடுத்து, "மாமா, அம்மா உங்ககிட்ட பேச மாட்டாங்களாம்" என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். ராத்திரி பஸ் கண்டக்டர் ரேஷம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை லால்மணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
டம்பர்


சிம்தாரா
சித்திரை 8

அண்ணாவுக்கு,

துளசா எழுதுவது. நாங்கள் மூவரும் நலமே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு இருமல் நின்றதா? யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்த வீட்டு வாசற்படியில் என் கால் படும்வரை பேச்சு கிடையாது. அதில் மாற்றம் இல்லை.

வருவேன் என்றும் நான் சொல்லவில்லை. முதலில் ஒன்று தெரிய வேண்டும். பனௌட்டியிலிருந்து சிம்தாரா வந்து திரும்ப, வழியெல்லாம் சார்ஜ் போட எவ்வளவு ஆகும்? உன் வாய்க்கணக்கு எனக்கு வேண்டாம். யூனிட், விலை, இடம், எல்லாம் எழுது. நாளைக்கு அண்ணி, "நாத்தனாரைக் கூட்டிவரப் போய் வீடே காலியாச்சு" என்று சொல்லக் கூடாது. கணக்கு சரியாக இருந்தால் யோசிக்கிறேன்.

எல்லாருக்கும் என் வணக்கம்.

துளசா


பனௌட்டி
சித்திரை 17

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் உடம்பு சட்டென்று தேறிவிட்டது. அம்மா முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஊரில் மழை எப்படி?

கணக்கு கேட்டாய். போட்டுவிட்டேன். வண்டியின் பாட்டரி முப்பது யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். உன் வீடு ஐந்நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். ஆக எழுபத்து நாலு யூனிட். யூனிட் பதினைந்து ரூபாய். போக ஆயிரத்து நூற்றுப் பத்து, வரவும் அதே. முடிந்தது கணக்கு.

உன் அண்ணியிடம் காட்டினேன். "இவ்வளவுதானா? பெட்ரோல் வண்டின்னா முக்லிங் தாண்டுறதுக்குள்ள இது கரைஞ்சிருக்குமே" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க போட்ட கணக்குன்னாதான் பயமா இருக்கு" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் கணக்கை நம்பியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் அது தப்பு.

துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பி. மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

டம்பர்


சிம்தாரா
வைகாசி 3

அண்ணாவுக்கு,

இங்கே சுகம். மழை நன்றாகப் பெய்கிறது, மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உங்கள் எல்லார் உடம்பும் எப்படி?

உன் கணக்கைப் படித்தேன். சாலை முழுக்க உன் உள்ளங்கை மாதிரி சமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாயா? டௌன்னே மேட்டில் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுமா? கோராஹி தாண்டினால் தொண்ணூறு கிலோமீட்டர் ஏற்றம்தான். அதை எந்தக் கணக்கில் சேர்த்தாய்?

எல்லா இடத்திலும் விலை பதினைந்துதானா? காலைக்கும் சாயங்காலத்துக்கும் ஒரே விலையா? சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? அதுவரை ஆட்கள் என்ன செய்கிறார்கள்? உட்கார இடம், கழிப்பறை இருக்கிறதா? சாப்பிடுகிறார்களா? கடைக்காரர்களுக்கு அதில் என்ன மிஞ்சும்? இதெல்லாம் தெரிந்துகொண்டு எழுது. கேள்விப்பட்டதை எழுதாதே. பார்த்ததை எழுது.

அம்மா காகிதத்தை அதிகம் தேய்க்க வேண்டாம் என்று சொல். கிழிந்துவிடும்.

துளசா


பனௌட்டி
வைகாசி 21

தங்கைக்கு,

எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் கொஞ்சம் அஜீரணம். காரணம் கீழே இருக்கிறது.

உனக்கு வரச் சம்மதமா, இல்லை வரி போடவே வந்துவிட்டாயா? கடைக்காரனுக்கு என்ன மிஞ்சும் என்பது உனக்கு எதற்கு? ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். மலேக்கு என்ற ஊர் வரைக்கும் ஒரு சவாரி கிடைத்தது, போய்ப் பார்த்துவிட்டே வந்தேன்.

முதல் அதிசயம்: நம் பள்ளத்தாக்கைத் தாண்டி நௌபிசே இறக்கத்தில் இறங்கும்போது பாட்டரி கூடிக்கொண்டே போனது! குறையவில்லை, கூடியது. வாங்கினவன் கேட்காமலே திருப்பிக் கொடுப்பதை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆனால் வீடு திரும்பும்போது அதே மேடு வட்டியோடு பிடுங்கிக்கொண்டது. நீ சொன்னதுதான் சரி. மேடு தனிக் கணக்கு.

மலேக்குவில் ஆற்றோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் இரண்டு சார்ஜ் பெட்டிகள். கடைக்கார அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், வாய் என்னைவிடப் பெரிசு.

"அக்கா, யூனிட் எவ்வளவு?"

"சோறு சாப்பிடுவீங்களா?"

"யூனிட் கேட்டேன் அக்கா."

"நானும் அதைத்தான் சொல்றேன். சோறு சாப்பிட்டா பன்னிரண்டு. சாப்பிடலைன்னா பதினெட்டு."

"டீ மட்டும் குடிச்சா?"

"பதினேழரை."

"மீன் சாப்பிட்டா?"

"மீன் சாப்பிட்டா என் வீட்டுக்காரர் வந்து உங்க கண்ணாடியத் தொடச்சு விடுவார்."

சாயங்காலம் ஐந்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் இரண்டு ரூபாய் கூட. அந்த நேரத்தில் அவளுக்கே கரண்ட் விலை ஏறுகிறதாம். ஏன் சோற்றில் விலையைக் கட்டி வைத்திருக்கிறாள் என்று கேட்டேன். "டீசல் வண்டிக்காரன் பத்து நிமிஷத்துல பறந்துடுவான். மின்சார வண்டிக்காரன் முக்கால் மணி எங்கயும் போக முடியாது. முக்கால் மணி நேரம் என் மீன் வறுபடுற வாசனைல உக்காந்திருக்கிற மனுஷன் எவ்வளவு தாங்குவான்?" என்றாள். நான் தாங்கவில்லை. அஜீரணம் அதுதான். கரண்டில் பெரிசாக மிஞ்சாதாம், மிச்சமெல்லாம் மீனில்தானாம். கழிப்பறை இருக்கிறது, கதவு மூடுகிறது.

இருபது யூனிட் ஏற்றினேன். சோற்றால் நூற்றிருபது ரூபாய் மிச்சம் என்று உன் அண்ணியிடம் மார்தட்டினேன்.

"சாப்பாடு எவ்வளவு?"

"முன்னூற்றைம்பது. மீனோட."

"நூத்திருபது மிச்சம் பிடிக்க முன்னூத்தம்பது செலவு. பலே. நாளைக்கு நான் அவல் கட்டித் தர்றேன், அதைத் தின்னுட்டுப் போங்க."

"அவல் தின்னா யூனிட் பதினெட்டு மைனா."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே தங்கையே, கணக்கு இப்போது நான் எவ்வளவு பசியோடு வருகிறேன் என்பதில் வந்து நிற்கிறது. மேடு பள்ளம் எல்லாம் பார்த்தால் போகத் தொண்ணூறு யூனிட், வர எழுபத்தைந்து. போக வர இரண்டாயிரத்து நானூறு என்று வைத்துக்கொள். சரிதானே?

வருகிறாயா?

டம்பர்


சிம்தாரா
ஆனி 11

அண்ணாவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் எப்படி?

பார்த்து எழுதியிருக்கிறாய். நன்றி. மறுபடி மறுபடி படித்தேன்.

ஆனால் ஒன்று நீ கேட்கவே இல்லை, நானும் எழுதவில்லை. கோராஹிக்கு மேலே சார்ஜ் போட இடமே கிடையாது. முப்பது யூனிட்டோடு அங்கிருந்து கிளம்பினாலும், இந்த மழைச் சேற்றில் தொண்ணூறு கிலோமீட்டர் ஏறி வந்து சேரும்போது உன் பாட்டரியில் மூன்று நாலுதான் மிஞ்சும். சித்திரையில் பெரிய மின்சார வேன் ஒன்று எங்கள் ஊருக்குக் கீழே நின்றுபோய், டிராக்டர் கட்டி இழுத்தார்கள். எங்கள் வீட்டு லைனில் ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாகப் போட்டாலே பியூஸ் போகும். காருக்கு எங்கே போவது? இறக்கம் திருப்பித் தரும் என்பாய். இடையில் இரண்டு கணவாய் ஏறணும். அதற்கே போதாது.

ஆகவே கணக்கு, முடியாது என்கிறது. எனக்கு வருத்தம் இல்லை. நான் பழகிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் அந்தத் தீஜுக்குப் பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துத் தட்டைக் கல்லில் காலையிலிருந்து கடைசி பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ வருவாய் என்றுதான். சாயங்காலம் உன் போன் வந்தது, "பஸ் பிடிச்சு வந்துடு" என்று. அண்ணன் வந்து அழைக்காத பெண் பஸ் பிடித்து வந்தால் அவள் விருந்தாளி. மகள் இல்லை. கோபத்தில் எழுதவில்லை. கணக்கு கேட்டேன், கணக்கைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் மழையால் பாதை சரியில்லை என்று சொல்.

துளசா


பனௌட்டி
ஆனி 19

துளசா,

எல்லாரும் நலம். உன் கடிதம் வந்த அன்றே இதை எழுதுகிறேன்.

கல்லில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஏன் வரவில்லை என்பதை நேரில்தான் சொல்வேன். எழுதினால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். என் கையெழுத்தில் நல்ல விஷயமே சாக்குப்போக்கு மாதிரிதான் இருக்கிறது.

கணக்கு முடியாது என்கிறதா? கணக்கு போட்டது யார், நீயும் நானும்தானே? நான் இன்னொரு விதமாகப் போடுகிறேன். கோராஹியில் நிரப்பிக்கொண்டு மேலே வருகிறேன். பாட்டரி தீர்ந்து நின்றால் டிராக்டர் கட்டி இழுக்கட்டும். கடைவீதி முழுக்க என் வண்டியைத் தள்ளிப் பழக்கம் ஆகியாச்சு. உன் வாசலில் ஒரு வாரமானாலும் நிற்கிறேன், ரைஸ் குக்கர் ஓடாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நோன்பு போனால் அடுத்த நாள் வருவோம். அம்மாவிடம் பாதை சரியில்லை என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பாதை தெரியும்.

பதில் எழுது. மாப்பிள்ளைக்கு வணக்கம். மருமகள் நன்றாகப் படிக்கிறாளா?

டம்பர்


பனௌட்டி
ஆடி 14

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகம் என்று எழுதுகிறேன், பார்க்கப்போனால் சுமார்தான். ஒரு மாதமாக உன் பதில் இல்லை. ரேஷத்தின் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் போய் நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் பயணிகளின் மூட்டையை இறக்கப் போய்விடுகிறான். நேற்று கையைப் பிடித்துக் கேட்டேன்.

"கடிதத்தைக் கொடுத்தியா இல்லையாடா?"

"கொடுத்தேன் அண்ணே. உங்க தங்கச்சி வாங்கி மடில செருகிக்கிட்டாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்கிட்ட எங்க சொல்றது? அரவை மில் வாசல்ல நாலு ஆம்பளைங்ககிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. கைல ஸ்க்ரூ டிரைவர் வேற. நான் பஸ்ஸுக்குள்ள ஏறிட்டேன்."

எதுக்குச் சண்டை? உடம்புக்கு எதுவும் இல்லையே? மாப்பிள்ளை சௌக்கியமா? உன் அண்ணி, "அவ பதில் போடலைன்னா நம்மளப் பிடிக்கலைன்னு அர்த்தமில்ல, வேலையா இருப்பா" என்கிறாள். சொல்லிவிட்டு என்னைவிட அடிக்கடி வாசலைப் பார்ப்பதும் அவள்தான்.

ஊறுகாய் அனுப்புகிறேன், அம்மா போட்டது. வர மாட்டாய் என்றால் வர மாட்டேன் என்றாவது எழுது. இரண்டு எழுத்து போதும்.

டம்பர்


சிம்தாரா
ஆடி 29

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

பதில் எழுதாததற்குக் காரணம், முடியுமா முடியாதா என்று எனக்கே தெரியாதது. முடியாமல் போனால் சொல்லவே வேண்டாம் என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் தாய்மார் சங்கத்துக்கு ஒரு அரவை மில் இருப்பது உனக்குத் தெரியும். மில்லுக்குத் த்ரீ பேஸ் லைன். ராத்திரியில் அது சும்மா கிடக்கிறது. நின்றுபோன வேனை டிராக்டர் இழுத்த அன்றைக்கே, "இங்க ஒரு சார்ஜ் பெட்டி வைக்கலாமே" என்று சங்கத்தில் கேட்டேன். உன்னிடம் கேட்ட கேள்வியெல்லாம் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள். நீ மலேக்குவில் பார்த்து எழுதியதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். மீன் வாசனை வரும் இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.

ஊர் ஆண்கள் சிரித்தார்கள். "காருக்குச் சோறு போடப் போறீங்களாக்கும்?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் தலைவி ஜுனா அக்கா, "உங்களுக்கு இத்தனை வருஷமாப் போட்டோமே, அதால ஒரு அடி நகர்ந்தீங்களா? கார் ஓடவாவது செய்யும்" என்றாள். மின்சார அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, வயர் மாற்றி, பெட்டி வந்து பொருத்தியாயிற்று. ரேஷம் பார்த்தது சண்டை இல்லை. பெட்டியை எந்தப் பக்கம் மாட்டுவது என்ற பேச்சு.

விலை வைப்பதில்தான் பெரிய வாக்குவாதம். மலேக்கு மாதிரி சோறு சாப்பிட்டால் ஒன்று, சாப்பிடாவிட்டால் ஒன்று வைக்கலாம் என்றேன். ஜுனா அக்கா கோபித்துக்கொண்டாள். "நம்ம வாசலுக்கு வந்தவனைச் சாப்பிடாம எப்படிடி அனுப்புறது? எல்லாரும் சாப்பிடத்தானே போறாங்க? அப்புறம் என்ன ரெண்டு விலை?" ஆகவே ஒரே விலை. யூனிட் பதினாலு. சாயங்காலமும் அதேதான். இரண்டு வேன்கள் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

இது உனக்காகச் செய்தது இல்லை. ஊருக்காகச் செய்தது. உனக்கும் முழு விலைதான், ரசீது தருவேன்.

ஆவணி 18 வந்து சேர். 19 காலையில் கிளம்பினால் 20 சாயங்காலம், நோன்புக்கு முந்தின விருந்துக்குப் பனௌட்டி போய்விடலாம். வாசலுக்கு வரணும். பஸ் நிற்கும் இடத்தில் நின்று ஹாரன் அடிக்கக் கூடாது. பேச மாட்டேன் என்பதை மறக்காதே. கோராஹியில் முழுக்க நிரப்பு.

அம்மாவிடம் நீயே சொல்.

துளசா


பனௌட்டி
ஆவணி 6

என் தங்கமே,

இங்கே சுகத்துக்குக் குறைவே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

ஊருக்காகச் செய்தாயா? சரி சரி. ஊருக்கு என் நன்றியைச் சொல். அந்த ஊர் சின்ன வயசில் என் தட்டிலிருந்து இறைச்சித் துண்டைத் திருடித் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டதையும் நான் மன்னித்துவிட்டதாகச் சொல்.

உன் அண்ணி கடைசிக் கணக்குக்குச் சம்மதித்துவிட்டாள். இரண்டாயிரத்து நானூறு. எண்ணி ஒரு சின்னப் பையில் போட்டு, "இதுக்கு மேல ஒரு ரூபாய் ஆனாலும் காரணம் சொல்லணும்" என்றாள். உனக்கு அவள் சிவப்புப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ எப்படியும் பேசப் போவதில்லையே.

மழை பார்த்து இரு. ஜுனா அக்காவுக்கு வணக்கம் சொல், நான் பசியோடு வருகிறேன்.

டம்பர்


பனௌட்டி
புரட்டாசி 4

அன்புள்ள துளசாவுக்கு,

நீயும் உன்னைத் திரும்ப அழைத்துப்போக வந்த மாப்பிள்ளையும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் கால் வீங்கியதா? இங்கே எல்லாரும் நலம். அம்மா நீ உட்கார்ந்த பாயை இன்னும் சுருட்டவில்லை. வாசற்படி தாண்டியதும் நீ பேசிய முதல் பேச்சு, "அண்ணி, பசிக்குது" என்பதுதான் என்று உன் அண்ணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஏழு வருஷம் கழித்து வந்த நாத்தனார் தன்னிடம்தான் முதலில் பேசினாளாம். நான் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதற்கு ஒரு பேச்சும் இல்லை.

இப்போதுதான் போனில் பேசுகிறாயே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் அண்ணி பக்கத்தில் நிற்கிறாள். விஷயம் அவளைப் பற்றியது.

போக வரச் சார்ஜுக்கு ஆன செலவு இரண்டாயிரத்து நானூற்று எழுபது. எழுபது ரூபாய் கூட. காரணம் கேட்கிறாள். நாம் இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாத பாதி இதில் இருக்கிறது.

19 காலையில் நீ மூட்டையைப் பின்சீட்டில் வைத்தாய். அதன்மேல் சால்வையைப் போட்டாய். கதவைச் சாத்தினாய். கதவுச் சத்தம் எனக்குக் கேட்டது. நீ ஏறிக்கொண்டாய் என்று நினைத்தேன். நீ ரசீது எழுத மில்லுக்குள் போனது எனக்குத் தெரியாது. வண்டி கிளம்பியது உனக்குக் கேட்கவில்லை. அது யாருக்கும் கேட்காது.

கண்ணாடியில் பார்த்தேன். சால்வை தெரிந்தது. நீ பேச மாட்டாய் என்று முன்பே எழுதியிருந்தாய். ஆகவே நான் பேசினேன். அந்த வருஷம் ஏன் வரவில்லை என்பதை முதலிலிருந்து சொன்னேன். டாக்சி அப்போது என்னுடையது இல்லை, பள்ளத்தாக்கைத் தாண்டக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார், வெறுங்கையோடு பஸ்ஸில் வந்து உன் வாசலில் நிற்க வெட்கமாக இருந்தது. அதை மறைக்கப் போனில் அதிகாரமாகப் பேசினேன். காகிதத்தில் இவ்வளவுதான் வருகிறது. வண்டியில் ஒன்பது கிலோமீட்டர் வந்தது. நடுவில் கொஞ்சம் அழவும் செய்தேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குச் சந்தோஷம். "குளிருதா, கண்ணாடி ஏத்தட்டுமா?" என்று கேட்டேன். அப்போது ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியது. நீ உருண்டு கீழே விழுந்தாய். நிறுத்திப் பார்த்தேன். மூட்டை.

திரும்பி வந்தபோது பஸ் நிற்கும் இடத்தில், அதே தட்டைக் கல்லில், ரசீதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கல்லைப் பார்த்த பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீயோ வாயை ரசீது இல்லாத கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாய். சிரிப்பது பேச்சில் சேராது போலிருக்கிறது. பிறகு நீயே ப்ளக்கைச் சொருகினாய். ஒன்பது கிலோமீட்டர் இறக்கம், ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், ஐந்து யூனிட். முழு விலை. அதற்கும் ஒரு ரசீது எழுதினாய். காரணம் என்ற இடத்தில், "தங்கை ஒன்று விட்டுப்போனதால்" என்று எழுதினாய். கிளம்பும் முன் நான் பின்சீட்டில் கையை நீட்டி உன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது அதனால்தான்.

உன் அண்ணியிடம் அந்த எழுபது ரூபாயை மேடு என்று சொல்லியிருக்கிறேன். மழையில் சேறு அதிகம், மேட்டில் எதிர்பார்த்ததைவிட இழுத்துவிட்டது என்றேன். நம்பிவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இது இரண்டாவது தடவை. ஆகவே அவள் போனில் கேட்டால் நீயும் மேடு என்றே சொல்.

அடுத்த தீஜுக்கும் வருவேன். ஜுனா அக்காவையும் மருமகளையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
டம்பர்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் உன் அண்ணி என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் இரண்டாவது ரசீது இருந்தது. மேடு என்று சொல்ல வேண்டாம்.